ஸ்கேல் அக்காவின் அட்டை

சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். எத்தனை நாளுக்கு ஒரு சுற்று, அதை யார் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார்கள் என்று ஒருத்தராவது கேட்டோமா? மணி அடித்தது, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம். யாரோ ஒருத்தி திரை போட்ட அறையில் முதுகு ஒடிய அதை அளந்துகொண்டிருப்பாள் என்று நாம் என்ன கனவா கண்டோம்! அப்படி இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள்தான் ஸ்கேல் அக்கா.

பேர் வைத்தது சூரிய ஆய்வுக்கூடத்து வாட்ச்மேன். ஸ்டீல் ஸ்கேல் இல்லாமல் அவளை அவர் பார்த்ததே இல்லையாம். கேன்டீனில் டீ குடிக்கும்போதும் அது பக்கத்தில் கிடக்கும். "அக்கா, டீ எத்தன மில்லிமீட்டர் இருக்குன்னு பாத்துட்டுக் குடிங்க" என்பார். அவள் விடுவாளா? "உன் வாய் எத்தன மீட்டர்னு ஒரு நாள் அளந்து சொல்றேன், இரு" என்பாள். டைரக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் ஸ்கேல் அக்கா. சொந்தப் பேர் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் வெளியே வரும்.

அங்கே வருவதற்கு முன்னால் அவள் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். காலர், கை, பாக்கெட் என்று ஒவ்வொன்றுக்கும் கெட்டி அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பாள். அதைத் துணிமேல் வைத்துக் கோடு போட்டு மற்றவர்கள் வெட்டுவார்கள். கம்பெனியை ஒரு நாள் இழுத்து மூடினார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தபோது, அளவெடுக்க ஆள் வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். பெரிய படிப்பு வேண்டாம். கண் நன்றாகத் தெரிய வேண்டும், கை நடுங்கக் கூடாது. அப்போது அங்கே தலைவராக இருந்த பெரிய சார் ஒரு கண்ணாடித் தட்டைக் கொடுத்து, அதிலிருந்த நாற்பது புள்ளிகளின் இடத்தைத் தாளில் குறிக்கச் சொன்னார். குறித்தாள். மறுபடியும் குறிக்கச் சொன்னார். இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. "இத்தன நாளா எங்கம்மா இருந்தே?" என்றாராம். அன்றைக்கே வேலை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சூரியன் கல்லும் இல்லை மண்ணும் இல்லை, கொதிக்கிற வாயு. அதன் முகத்துக்கு மேலே மெல்லிசாக ஒரு காற்றடுக்கு உண்டு. சும்மா பார்த்தால் தெரியாது. வெளிச்சத்தில் ஊதா நிறத்தில் ஒரே ஒரு இழையை மட்டும் வடிகட்டிப் படம் எடுத்தால், அந்த அடுக்கில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். வானம் தெளிந்திருக்கிற ஒவ்வொரு காலையிலும் கண்ணாடித் தட்டில் ஒரு படம். நேற்றைய தட்டில் ஒரு திட்டு இருந்த இடத்தையும், இன்றைய தட்டில் அதே திட்டு இருக்கிற இடத்தையும் பார்த்து, நடுவில் எத்தனை டிகிரி நகர்ந்திருக்கிறது என்று எழுத வேண்டும். அதுதான் சூரியன் சுற்றுகிற வேகம். சுமாராக நாளுக்குப் பதிமூன்று டிகிரி. நடுவில் கொஞ்சம் வேகம், மேலேயும் கீழேயும் போகப் போக மந்தம். கேட்பதற்கு ரொம்ப சுலபமாக இருக்கிறது.

சுலபமாவது! திட்டு என்ன நெற்றியில் பேர் எழுதி ஒட்டிக்கொண்டா வருகிறது? இன்றைக்கு உப்பும், நாளைக்கு இரண்டாக உடையும், அதற்கு மறுநாள் ஆளே காணாமல் போகும், பக்கத்திலேயே புதிதாக ஒன்று முளைக்கும். நேற்று பதினெட்டு இருந்தது, இன்றைக்கு இருபத்தொன்று. இதில் எது எது? முதல் இரண்டு வருஷம் ஸ்கேல் அக்கா ஒவ்வொரு தட்டோடும் ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டினாள். அடியில் விளக்கு எரிகிற மேசைமேல் தட்டை வைத்து, லென்ஸைப் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். "இது நேத்து வந்த நண்டு. இது செருப்பு. இது வாலறுந்த பல்லி" என்று அவளாகவே பேர் வைத்து அடையாளம் பிடித்தாள்.

கணக்கைப் பார்த்த பெரிய சாருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஒன்று பன்னிரண்டு டிகிரி என்கிறது, ஒன்று பதினாலரை என்கிறது, இன்னொன்று பதினொன்றில் நிற்கிறது. "என்னம்மா இது, நெல்லிக்கா மூட்ட அவுந்த மாதிரி செதறிக் கெடக்கு? சூரியன் குடிச்சிட்டா சுத்துது? நீ ஆள மாத்திப் பிடிக்கறே. புதுசா மொளச்சதப் பழசுன்னு நெனைக்கறே" என்று ஒரு அட்டவணையை நீட்டினார். எந்த இடத்தில் நாளுக்கு எத்தனை டிகிரி நகர வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. ஆனால் அது சூரியன் முகத்தில் இருக்கிற கறுப்புப் புள்ளிகளை வைத்துப் போட்ட கணக்கு. மேலே இருக்கிற காற்றடுக்கும் அதே வேகத்தில் சுற்றுகிறதா என்று கண்டுபிடிக்கத்தான் இவள் வேலையே! அந்த மனுஷனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அளக்க வேண்டிய தட்டுகள் கூரை வரைக்கும் குவிந்திருந்தன, அவருக்கு அவசரம்.

அட்டவணையைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய கம்பெனிப் புத்தி வேலை செய்தது. கெட்டி அட்டையில் ஒரு பக்கம் சின்னக் கீறல், கொஞ்சம் தள்ளி ஒரு ஜன்னல். கீறலை நேற்றைய இடத்தில் வைத்தால், அட்டவணைப்படி அந்தத் திட்டு இன்றைக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே ஜன்னல் வரும். முன்னே பின்னே ஒரு டிகிரி இடம் விட்டாள். ஜன்னலுக்குள் ஏதாவது வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் ஆள். தெரியாவிட்டால் பழையது செத்துப் போயிற்று என்று அர்த்தம். ஜன்னலுக்கு வெளியே இருப்பதெல்லாம் புதிதாக முளைத்தவை, அவற்றைக் குறிக்க வேண்டியதில்லை. சூரியனின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று என்று ஒரு கட்டு அட்டை வெட்டினாள். ஒன்றரை மணி நேர வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது.

எண்களும் சொல்லிவைத்தாற்போல வந்து உட்கார்ந்தன. பெரிய சார் துள்ளிக் குதித்தார். முதல் இரண்டு வருஷத்துத் தட்டுகளையும் அட்டை வைத்துத் திரும்ப அளக்கச் சொன்னார். சிதறிக் கிடந்த பழைய நோட்டுகளைக் கிழித்துப் போடச் சொன்னார். அவளும் சந்தோஷமாகக் கிழித்தாள். அந்த நண்டும் செருப்பும் எழுதியிருந்த நோட்டுகள்தான் இருபத்தொன்பது வருஷத்தில் அவள் அளந்த ஒரே நிஜம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வருஷங்கள் ஓடின. ரிஜிஸ்டர்கள் முப்பத்தொன்று ஆயின. காற்றடுக்கு கறுப்புப் புள்ளிகளின் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது, இத்தனை வருஷத்தில் அந்த வேகம் இம்மி கூட மாறவில்லை என்று பெரிய சார் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். கட்டுரையெல்லாம் அவர் பேரில்தான் வந்தது. இவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஓய்வு பெற்று, மாலை போட்டுக்கொண்டு, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். கொடுத்து வைத்த மனுஷன்.

வீட்டில் அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் மனுஷங்கள மேலயும் கீழயும் ஏத்தி எறக்கறேன், எம் பொண்டாட்டி சூரியனையே சுத்த வைக்கறா" என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஒரே மகள், வேறு ஊரில் நர்ஸ். சின்ன வயதில் மழை பெய்தால்தான் அவளுக்குக் கொண்டாட்டம். படம் எடுக்க முடியாது, அம்மா சீக்கிரம் வருவாள் என்று நினைப்பாள். அம்மா என்னவோ பாக்கித் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் வந்தாள். "உனக்கு மூத்த புள்ள சூரியன்தாம்மா, நான் ரெண்டாவதுதான்" என்று மகள் சொல்வாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் குத்தத்தான் செய்யும்.

போன வருஷம் கேமராவும் கம்ப்யூட்டரும் வந்தன. கண்ணாடித் தட்டு நின்றது. கம்ப்யூட்டர் வைக்க இடம் வேண்டும், தட்டு அடுக்கின கிடங்கிலோ ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கிறது. "எல்லாம் அளந்தாச்சாம்மா?" என்று கேட்டு ஒரு தாளை நீட்டினார்கள். "அனைத்தும் அளந்து முடிக்கப்பட்டன" என்று அதில் இருந்தது. பெருமையாகக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு லாரி வந்தது. மாதிரிக்கு என்று பதினோரு பெட்டிகளை மட்டும் அவள் அறை பீரோவில் விட்டுவிட்டு, மீதிக் கண்ணாடியைக் கழுவி விற்க எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவள் ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது டைரக்டர் ஒரு நல்ல சேதி சொன்னார். முப்பத்தொரு ரிஜிஸ்டரையும் ஒரே புத்தகமாகப் போடப் போகிறார்களாம். முதல் பக்கத்தில் "அளந்தவர்" என்று போட்டு அவளுடைய சொந்தப் பேர். ஸ்கேல் அக்கா இல்லை, சொந்தப் பேர். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் மூன்று தடவை சொன்னாள். மகள் வெளியீட்டு விழாவுக்கு லீவு கேட்டுவிட்டாள். ஆயுசு முழுக்க உட்கார்ந்ததற்கு அந்த ஒரு வரி போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று அவளுக்கு இருந்தது.

புத்தகத்துக்குச் சரிபார்க்கிற வேலை புது மேடத்துக்கு. கம்ப்யூட்டரில் சூரியனைப் பார்க்கிற ஆராய்ச்சிக்காரி, வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. தங்கமான பெண், எல்லாரையும் அக்கா அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் காலை கையில் ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு சின்ன சந்தேகம்."

"சொல்லுங்க மேடம்."

தாளில் ஒரு மேடு வரைந்திருந்தது. எந்த வேகம் எத்தனை தடவை வந்திருக்கிறது என்கிற கணக்கு. மேடு நடுவில் எழும்பியிருந்தது, சரி. ஆனால் இரண்டு பக்கமும் சரிவே இல்லாமல் நேராகக் கீழே இறங்கியிருந்தது.

"இது கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சு போகணும் அக்கா. கேமரா படத்துல அப்படித்தான் வருது. அதுல மேட்டோட நடு கூடக் கொஞ்சம் தள்ளி நிக்குது. உங்களோடதுல மட்டும் ரெண்டு பக்கமும் கத்தி வெச்சு நறுக்கின மாதிரி இருக்கு. ஏன்னு தெரியல."

ஸ்கேல் அக்காவுக்குப் பெருமைதான் வந்தது. "அது அட்டையோட வேல மேடம்!" என்று இழுப்பறையிலிருந்து அட்டைக் கட்டை எடுத்து, கீறலை எப்படி வைப்பது, ஜன்னலில் எப்படிப் பார்ப்பது என்று விளக்கினாள். மேடம் ஒரு அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஜன்னலுக்கு வெளிய இருந்ததெல்லாம் எங்கக்கா எழுதினீங்க?"

"அதெல்லாம் புதுசா மொளச்சது மேடம். அத எழுதறதில்ல."

"எங்கயுமே எழுதலயா?"

"எங்கயும் இல்ல."

மேடம் அட்டையை மெதுவாக மேசைமேல் வைத்தாள். "சரிக்கா, பரவால்ல, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். அந்தப் பெண் முகத்தில் இருந்தது பரிதாபம் என்று ஸ்கேல் அக்காவுக்குத் தெரியாதா என்ன?

அவள் படிக்காதவளாக இருக்கலாம், மடச்சி இல்லை. மத்தியானம் சாப்பாட்டைத் தொடாமல் யோசித்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு புது அட்டை வெட்டினாள். வேண்டுமென்றே தப்பான அட்டை. ஜன்னலை ஒன்றரை டிகிரி பின்னால் தள்ளி வெட்டினாள், சூரியன் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிற மாதிரி. பீரோவிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, அதிலிருந்த இருபத்துநாலு தட்டில் முதல் பத்தை அந்த அட்டையை வைத்து அளந்தாள்.

ஜன்னல் காலியாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தாள். காலியாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஆனால் திட்டுக்கா பஞ்சம்? பக்கத்துத் திட்டு ஒன்று எட்டிப் பார்த்தது, உடைந்த துண்டு ஒன்று உள்ளே வந்தது, பெரிய திட்டின் வால் ஒன்று வந்தது. கூட்டிப் பார்த்தாள். சோம்பேறிச் சூரியன் சொல்லிவைத்தாற்போல வந்து உட்கார்ந்திருந்தது. முன்னால் தள்ளி இன்னொரு அட்டை வெட்டினாள். அதே தட்டுகளில் சூரியன் வேகமாக ஓடியது. எந்த அட்டையை வைத்தாலும் அந்த அளவுக்குச் சூரியன் கிடைத்தது. துணி எதுவானாலும் அட்டை அளவுக்குத்தானே சட்டை வரும்?

இடிந்து போய் உட்கார்ந்தாள். இருபத்தொன்பது வருஷம்! கண் எரிய எரிய, கழுத்து வலிக்க வலிக்க, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த இருபத்தொன்பது வருஷம். அவள் சூரியனை அளக்கவே இல்லை. தான் வெட்டின அட்டையைத்தான் தினம் தினம், மயிரிழை பிசகாமல், அளந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் கணவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, இன்னிக்கு சூரியன் ரிவர்ஸ்ல போயிடுச்சா?" என்றார். வழக்கமாக இதற்கு ஒரு பதில் வரும். இன்றைக்கு வரவில்லை. அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஏங்க, வேகம் மாறவே இல்ல, மாறவே இல்லன்னு அந்த மனுஷன் ஊரெல்லாம் சொன்னாரே. மாறாம இருந்தது சூரியன் இல்லீங்க. என் அட்டைதான்."

அவருக்கு முழுசாகப் புரிய அரை மணி நேரம் பிடித்தது. புரிந்ததும், "சரி விடு, தப்பாப் போச்சு. திருப்பி அளந்தாப் போச்சு" என்றார்.

"எத அளக்கறது? தட்டெல்லாம்தான் போயிடுச்சே. அளந்தாச்சுன்னு நான்தானே கையெழுத்துப் போட்டேன்?"

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் வாய்விட்டு அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி அழுது அவர் பார்த்ததில்லை.

மறுநாள் நேராக டைரக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "இன்னும் ரெண்டு மாசத்துல ரிடையர் ஆறீங்க. எதுக்கும்மா வேண்டாத வம்பு? புத்தகம் வரட்டும். முப்பத்தொரு ரிஜிஸ்டர யாரு உக்காந்து தோண்டப் போறா? மேடத்துகிட்ட நான் பேசிக்கறேன்."

உள்ளதைச் சொல்ல வேண்டும்: அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. சரிங்க சார் என்று தலையாட்டினால் போதும். முதல் பக்கம், அளந்தவர், சொந்தப் பேர், முன் வரிசையில் மகள். "சரி" என்கிற வார்த்தை நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. நல்லவள் வல்லவள் என்று நான் அவளை ஏற்றிச் சொல்லப் போவதில்லை. பயம்தான் அவளைத் தடுத்தது. எங்கோ ஒருத்தர் அந்தப் புத்தகத்தை நம்பி, அதன்மேல் இன்னொரு கணக்கைப் போட்டு, அதன்மேல் இன்னொருத்தர் போட்டு, அத்தனையும் ஒரு அட்டையின்மேல் நிற்பதை நினைத்துப் பார்த்தாள்.

"சார், பீரோவுல பதினோரு பெட்டி இருக்கு. எரநூத்தி அறுவத்திநாலு தட்டு. அட்டை இல்லாம நான் திருப்பி அளக்கறேன். அது சரியா வந்துச்சுன்னா, ரிஜிஸ்டரெல்லாம் வேண்டாம், அத மட்டும் சின்னதாப் போடுங்க. எம் பேரு அதுல இருந்தாப் போதும்."

டைரக்டர் பெருமூச்சு விட்டார். "உங்க இஷ்டம்மா."

அட்டைக் கட்டு முழுவதையும் கிழித்துக் குப்பையில் போட்டாள். புது நோட்டு எடுத்தாள். இனிமேல் ஜன்னல் இல்லை, அட்டவணை இல்லை, கண்ணுக்குத் தெரிகிற அத்தனை திட்டையும் குறிப்பது, உருவத்தை வைத்து அடையாளம் பிடிப்பது, சந்தேகமாக இருந்தால் சந்தேகம் என்றே எழுதுவது. ஒரு தட்டுக்கு ஒன்றரை மணி நேரம். காலையில் முதல் ஆளாக வந்து விளக்கைப் போடுவாள், கடைசி பஸ்ஸுக்கு ஓடுவாள், லீவு நாளிலும் வந்தாள். "அக்கா, ரிடையர் ஆகப்போற வயசுல புதுசா வேலைக்குச் சேந்த மாதிரி பறக்கறீங்க" என்றார் வாட்ச்மேன். அது உண்மைதான். மனசு மெல்ல மெல்லத் தேறிவந்தது. இருபத்தொன்பது வருஷம் போனால் போகட்டும், எட்டு ஒன்பது மாதத்துச் சூரியனையாவது ஒழுங்காக அளந்து கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தாள். மகளிடம் போனில், "புத்தகம் கொஞ்சம் சின்னதா வரும்மா, ஆனா வரும்" என்றாள்.

ஏழு வாரத்தில் முடித்தாள். நோட்டை மேடத்திடம் கொடுத்தாள். ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று, மேடம் வரவில்லை. கேன்டீனில் எதிரே பார்த்தபோது, "இன்னும் முடிக்கலக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தாள். மூன்றாவது நாள் ஸ்கேல் அக்காவே அவள் அறைக்குப் போனாள்.

"காட்டுங்க மேடம்."

மேடம் தயங்கித் தயங்கித் தாளை எடுத்தாள். மேடு நடுவில் எழும்பியிருந்தது. இரண்டு பக்கமும் நேராகக் கீழே இறங்கியிருந்தது. அதே இடத்தில், அதே மாதிரி.

"அட்டை இல்லாமத்தானே அளந்தேன்?" என்றாள் ஸ்கேல் அக்கா. "எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டேனே மேடம். ஒண்ணு கூட வெச்சுக்கல."

"தெரியும்க்கா."

"அப்புறம் எப்படி?"

மேடத்தின் கண் கலங்கியிருந்தது. ஸ்கேல் அக்காவை அவளுடைய அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, மூன்றாவது பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து விளக்கின்மேல் வைத்தாள். இந்தத் தட்டை ஸ்கேல் அக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பதினாறு திட்டு குறித்திருந்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம் பார்த்திருந்தாள்.

"அக்கா, இது தெரியுதா?" மேடம் ஓர் இடத்தில் விரலை வைத்து எடுத்தாள்.

விரல் எடுத்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. பட்டாணி அளவு. மங்கலாக இல்லை, ஓரத்தில் ஒளிந்திருக்கவும் இல்லை. பளிச்சென்று நடுவில் இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அவள் அதைப் பார்க்கவே இல்லை.

மேடம் இன்னோர் இடத்தில் விரல் வைத்தாள். அங்கேயும் ஒன்று. அப்புறம் மேலே ஒன்று. எல்லாமே, முந்தின நாள் தட்டின் திட்டுகளுக்கு ஜன்னல் வந்திருக்கக்கூடிய இடங்களுக்கு வெளியே இருந்தன.

ஸ்கேல் அக்கா வேறொரு தட்டை எடுத்து வைத்தாள். "இருங்க, நீங்க காட்டாதீங்க, நானே பாக்கறேன்" என்றாள். லென்ஸைப் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். மேடம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அரை மணி நேரம் ஆயிற்று. ஸ்கேல் அக்கா நிமிர்ந்தாள்.

"இதுல எல்லாத்தையும் குறிச்சிட்டேன். இதுல விட்டுப்போனது எதுவும் இல்லதானே?"

மேடத்தின் பார்வை தட்டுக்குப் போய்த் திரும்பியது.

"எங்கம்மா இருக்கு?" இத்தனை நாளில் முதல் தடவையாக அவளை மேடம் என்று கூப்பிட மறந்தாள். "சொல்லு, எங்க இருக்கு?"

மேடம் விரலை வைத்தாள். நாலு இடம்.

அட்டையைக் கிழித்துவிடலாம். கண்ணை என்ன செய்வது? இருபத்தொன்பது வருஷம் எங்கே பார்க்க வேண்டும் என்று அட்டை சொல்லிக் கொடுத்த கண் அங்கேதான் போய் நின்றது. விரலோ ஜன்னலோ வைத்துக் காட்டினால் ஒழிய, மற்ற இடத்தில் எது இருந்தாலும் அதற்கு வெறும் இருட்டுதான். ஊரிலேயே நல்ல கண் என்று வேலைக்கு எடுத்தார்கள். கண் டாக்டரிடம் போனால் இன்றைக்கும் கடைசி வரிசை வரைக்கும் படிப்பாள். சூரியனை மட்டும்தான் அவளால் பார்க்க முடியாது.

"வேற யாராவது அளக்கட்டும்க்கா. நான் அளக்கறேன். இந்தப் பதினோரு பெட்டியாவது மிஞ்சும்" என்றாள் மேடம்.

"அளங்க. நல்லா அளங்க" என்றாள் ஸ்கேல் அக்கா.

புத்தகம் நின்றது. டைரக்டர் ஒன்றும் திட்டவில்லை, ஆறுதலாகத்தான் பேசினார், திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேலையின் கடைசி வாரத்தில் அவள் ரிஜிஸ்டர்களையெல்லாம் மேசைமேல் அடுக்கி, வெள்ளைத் தாளைச் சீட்டுச் சீட்டாக வெட்டி, பசை டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன செய்கிறாள் என்று பார்க்க வந்த மேடம் ஒரு சீட்டை எடுத்துப் படித்தாள். "இதில் உள்ள அளவுகள் தவறானவை. யாரும் பயன்படுத்த வேண்டாம்" என்று அச்சு மாதிரி கையெழுத்தில் இருந்தது. அடியில் "அளந்தவர்" என்று போட்டு, அவளுடைய சொந்தப் பேர்.

"பேர் வேண்டாமே அக்கா. நானே டைப் பண்ணி ஒட்டிடறேனே."

"மொட்டையா இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க. அளந்தவளே சொன்னாத்தான் நம்புவாங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டில் பசை தடவினாள்.

மேடம் ரிஜிஸ்டரைத் திறந்து பிடித்துக்கொள்ள, அவள் முதல் பக்கத்தில் சீட்டை வைத்து, ஸ்கேலால் நீவி ஒட்டினாள். ஒன்றுகூடக் கோணலாகப் போகவில்லை. முப்பத்தொன்றும் முடிய சாயங்காலம் நாலு மணி ஆயிற்று.